அரக்கின் வண்டியில் ஏறாத கடிதம்

துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாரும் அக்காவைக் கண்டிப்பானவள் என்றார்கள். நானும் தலையாட்டினேன். டெய்லரின் கதையை அவர்களிடம் சொல்லத் தெம்பில்லை.

அக்கா பேருந்து நடத்துநர். அவள் வண்டியில் தபால் பையும் போகும். ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் ஒரு கம்பிக்கூண்டு. அதற்குள் வாய் கட்டி அரக்கு முத்திரை வைத்த பை. கையெழுத்துப் போட்டு வாங்கி, துறைமுக ஊரில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுக்க வேண்டும். இன்னொரு விதியும் உண்டு. பைக்கு வெளியே தனிக் கடிதம் எதையும் வண்டி ஊழியர்கள் கொண்டுபோகக் கூடாது. காசு வாங்காமல் உதவியாகச் செய்தாலும் குற்றம்தான்.

மற்ற நடத்துநர்களின் சட்டைப்பைகள் கடிதங்களால் புடைத்திருக்கும். அக்காவிடம் யாராவது உறையை நீட்டினால் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொள்வாள். அம்மா நீட்டியபோதும் அப்படித்தான். "பெத்தவளுக்கே இந்தக் கதியா!" என்று அம்மா ஒரு மாதம் முனகினாள். அந்தத் தடத்தில் அக்காவுக்கு அரக்கு என்றே பெயர்.

நான் கல்லூரியில் படித்த காலம். அன்று மாலை கடைசி வண்டியில் அவளோடு துறைமுக ஊரிலிருந்த எங்கள் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். வழியில் ஒரு நிறுத்தத்தில், கழுத்தில் அளவுநாடா தொங்க டெய்லர் ஓடிவந்தார். கையில் ஓர் உறை. கடையை எடுத்து நடத்தமாட்டேன் என்ற மகனை அவர் வீட்டைவிட்டுத் துரத்தியது எல்லாருக்கும் தெரியும். மகன் வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பி, துறைமுக ஊரில் ஒரு லாட்ஜில் தங்கியிருந்தான்.

"ஏம்மா, இதைப் பையன்கிட்ட குடுத்துடு. விடிஞ்சா கப்பல்."

அக்காவின் கைகள் பின்னால் போயின. "தபால் பெட்டியில போடுங்க டெய்லரே."

"போட்டா நாளைக்கு மத்தியானம் போகும். அவன் நடுக்கடல்ல இருப்பான். அந்தப் பையிலயாவது சொருகேன்."

"முத்திரை வச்சாச்சு."

"ஒரு காகிதம் ஏறினா டயரா வெடிச்சிடும்?" என்றார் ஒரு பயணி.

ஓட்டுநர் திரும்பிப் பார்த்தார். "அவகிட்ட வாதாடுறதுக்குக் கப்பலைக் கயிறு கட்டி இழுத்து நிறுத்திடலாம்யா."

நான் எழுந்தேன். "குடுங்க, நான் கொண்டுபோறேன்." பயணி கொண்டுபோனால் அந்த விதிக்குள் வராது. எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

"உக்காருடி" என்றாள் அக்கா. உட்கார்ந்தேன். உதவ எழப்போன இன்னும் இரண்டு பேரும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

"லெட்டரை ஏத்த முடியாது" என்றாள் டெய்லரிடம். "உங்களை ஏத்தலாம். சீட்டு காலியாத்தான் இருக்கு."

"நானா? கடை தொறந்து கெடக்கு."

"பக்கத்துக் கடைக்காரர் பூட்டிக்குவார்."

"என் மூஞ்சியில முழிக்காதேன்னு சொல்லி அனுப்புனவன்மா நான்."

"அதான் இருட்டிடுச்சே."

வண்டியே சிரித்தது. டெய்லருக்கும் கோபத்துக்கு நடுவே உதடு கோணியது. ஒரு காலைப் படியில் வைத்தார். அடுத்த காலையும் வைப்பதற்குள் அக்கா விசில் கொடுத்துவிட்டாள்.

துறைமுக ஊரில் தபால்காரர் வந்தார். அக்கா முதலில் பையை ஒப்படைத்துக் கையெழுத்து வாங்கினாள். டெய்லர் இருக்கையை விட்டு அசையவில்லை. லாட்ஜ் எதிரிலேயே இருந்தது.

"நீயே குடுத்துடேன்மா."

"இறங்குங்க. இதுக்கு மேல வண்டி போகாது."

இறங்கினார். ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தேன். மகன் லாட்ஜ் வாசலுக்கு வந்தான். டெய்லர் மகனின் தோளில் சட்டைத்துணியை இரண்டு விரலால் கிள்ளித் தூக்கினார்.

"எவன் தச்சான் இதை? தோள்பட்டை தொங்குது."

"ரெடிமேட்பா" என்றான் மகன். டெய்லர் கழுத்திலிருந்த நாடாவை எடுத்து அங்கேயே அளக்கத் தொடங்கினார்.

வீட்டுக்கு நடக்கும்போது கேட்டேன். "நான் கொண்டுபோயிருந்தா என்ன குறைஞ்சிருக்கும்?"

"லெட்டர் போயிருக்கும்" என்றாள். தோள் பையை மறுபக்கம் மாற்றிக்கொண்டாள். "அவர் போயிருக்க மாட்டார்."

மறுநாள் காலை நான் கல்லூரிக்குப் போன அக்காவின் வண்டியிலேயே டெய்லர் திரும்பினார். கப்பல் ஏற்றிவிட்டு வந்த கண்கள் சிவந்திருந்தன. சட்டைப்பையில் அதே உறை, ஒட்டியது ஒட்டியபடி. டிக்கெட் வாங்கியதும் அதை எடுத்து அக்காவிடம் நீட்டினார்.

"இப்பவாவது வாங்கிக்குவியா, அரக்கு?"

முகத்துக்கு நேரே அந்தப் பெயரை யாரும் சொன்னதில்லை. அக்கா சிரித்துவிட்டாள். ஆனாலும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.