அண்ணியும் மேனேஜரும் வந்த வழி

என் அண்ணி பாதியில் விலகிவிட்டாள் என்று அன்று மைக்கில் சொன்ன மனிதரிடம் நான் இன்றுவரை முகம் கொடுத்துப் பேசியதில்லை. இனியும் பேசுவதாக இல்லை. பாதியில் விலகுவது அண்ணியின் ரத்தத்திலேயே கிடையாது. என் அண்ணனோடு இத்தனை வருஷம் குடித்தனம் நடத்துகிறாளே, அதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

அண்ணி ஜன்னல் திரை தைக்கிறவள். கடைத்தெருவில் ஒரு துணிக்கடையின் பின்பக்கம் நீளமான அறை. அதில் ஒரு மேசை, ஒரு தையல் மெஷின், சுவர் முழுக்கத் துணிச் சுருள்கள். வேலை நேரத்தில் உதடுகளுக்கு நடுவே குண்டூசிகளைக் கவ்விக்கொண்டிருப்பாள். யார் என்ன கேட்டாலும் "ம்", "ம்ஹூம்", அவ்வளவுதான் பதில். இதைப் பார்த்துவிட்டு, பாவம், வாயில்லாப் பூச்சி என்று நினைக்கிறவர்கள் உண்டு. ஊசியை எடுத்த பிறகு வந்து பேசிப் பார்க்கட்டும். நான் குடிநீர் அலுவலகத்தில் புகார் கவுண்டரில் உட்காருகிறவள். நாள் முழுக்கத் திட்டு வாங்குவதும் திருப்பிக் கொடுப்பதும்தான் என் பிழைப்பு. அப்படிப்பட்ட நானே வாயில் ஊசி இல்லாத அண்ணியிடம் வம்புக்குப் போகமாட்டேன்.

மேனேஜர் என்பது அவளுடைய நாய். ஒரு மழை நாளில் அந்த அறைக்குள் ஒதுங்கியது, அப்புறம் கிளம்பவே இல்லை. ஒரு வேலையும் செய்யாமல் நடு அறையில் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு வருகிறவர் போகிறவர் எல்லோரையும் பார்த்து உறுமியதால் கடையில் அந்தப் பெயரை வைத்துவிட்டார்கள். "மேனேஜர் சாப்ட்டாரா?" என்றுதான் அண்ணியும் கேட்பாள். அந்த மரியாதை என் அண்ணனுக்குக் கிடைத்து நான் பார்த்ததில்லை.

அண்ணிக்கு ஒரே அக்கா. கலங்கரை விளக்கத்திலிருந்து வருகிற கடலோரச் சாலையில் இருக்கிற மீனவ ஊர்களில் கடைசி ஊரில் இருக்கிறாள். பக்கவாதம் வந்து உடம்பின் ஒரு பக்கம் அசைவதில்லை. படுத்தே கிடந்ததில் முதுகில் புண். முன்பெல்லாம் ஒரு நர்சம்மா வண்டியில் வந்து கட்டு மாற்றிவிட்டுப் போவார். அந்தப் பழைய வண்டி படுத்துவிட்டது, நர்சம்மாவும் வருவது நின்றது. விடுமுறை நாளில் அண்ணி பஸ் பிடித்துப் போய்த் தனக்குத் தெரிந்தபடி கட்டு மாற்றுவாள். "எனக்குத் துணியத்தான் தைக்கத் தெரியும், தோலுக்கு என்ன பண்றது?" என்று திரும்பி வந்து அழுவாள். புண் ஆழமாகிக்கொண்டே போனது. இந்தக் கோடையை அக்கா தாண்டுவாளா என்பதே பயமாக இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் நகரத்துப் பெரிய மனிதர்களின் நலச்சங்கம் ஒரு நடைப்பயணம் அறிவித்தது. கடலோர ஊர்களுக்குப் புது நர்ஸ் வண்டி வாங்குவதற்காக, கலங்கரை விளக்கத்திலிருந்து அந்த ஊர்கள் வழியாக நகரத்துப் பள்ளி மைதானம்வரை நடப்பது. நடக்கிறவர்கள் தெரிந்தவர்களிடம் நன்கொடை திரட்ட வேண்டும். அண்ணி திரை மாட்டப் போன வீடுகளில் எல்லாம் ஏணியில் நின்றபடியே கேட்டாள். "நீங்க முழுசா நடப்பீங்களா?" என்று கேட்டவர்களிடம், "நானும் நடப்பேன், மேனேஜரும் நடப்பாரு" என்று வாக்குக் கொடுத்தாள்.

விடியற்காலையில் எல்லோரும் ஒரே நிற பனியன் போட்டுக்கொண்டு கிளம்பினார்கள். உப்பளம், சவுக்குத் தோப்பு, மணல்மேடு என்று நல்லபடியாகத்தான் போயிருக்கிறது. வெயில் ஏறிய நேரம், கடலோரச் சாலையும் பைபாஸும் பிரிகிற இடத்தில் சங்கத்தின் வேன் நின்றிருக்கிறது. பக்கத்தில் செயலாளர்.

"எல்லாரும் ஏறுங்க. சிறப்பு விருந்தினர் சீக்கிரமே வர்றாராம். பைபாஸ் முடியிற இடத்துல இறங்கி, மைதானத்துக்கு ஒண்ணா நடந்து போயிடலாம்."

"அப்ப அந்த ஊருங்க?" என்று அண்ணி கேட்டிருக்கிறாள்.

"அங்க ரோடே சரியில்லம்மா. வண்டி போகாது."

"நாமதான் நடக்கிறோமே, வண்டி எதுக்குப் போகணும்?"

செயலாளர் பேச்சை மாற்றினார். "முதல்ல அந்த நாயை எங்கயாவது கட்டிட்டு வாங்க, சீட்டெல்லாம் அழுக்காயிடும்" என்றாராம். அண்ணியின் வாயில் அப்போது ஊசி இல்லை. ஆனாலும் "ம்ஹூம்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கடலோரச் சாலையில் திரும்பிவிட்டாள். மற்ற அத்தனை பேரும் வேனில் ஏறிவிட்டார்கள். எந்த ஊர்களுக்காக நடக்கிறோம் என்று ஊரெல்லாம் சொல்லி நன்கொடை வாங்கினார்களோ, அந்த ஊர்களை மட்டும் விட்டுவிட்டு நடைப்பயணம் நடத்திய புண்ணியவான்கள் உலகத்திலேயே இவர்களாகத்தான் இருப்பார்கள். நோகாமல் நுங்கு தின்பது என்பார்களே, அதற்குப் பனியன் போட்டால் இப்படித்தான் இருக்கும்.

எனக்கு வயிறு எரிவது இதற்காக மட்டுமல்ல. பெரிய கூட்டமாக வருகிறோம் என்று இந்தச் சங்கத்தாரே முன்கூட்டி ஆள் அனுப்பி அந்த ஊர்களில் சொல்லியிருந்தார்கள். அந்த ஜனங்கள் அதை நம்பிவிட்டார்கள். வீட்டுக்கு வீடு வாசலில் நாற்காலி போட்டு, குடத்தில் தண்ணீரும் டம்ளர்களும் வைத்துக் காத்திருந்தார்கள். அந்தப் பக்கம் தண்ணீர் எந்த லட்சணத்தில் வருகிறது என்று புகார் கவுண்டரில் இருக்கிற எனக்குத் தெரியாதா? ஒவ்வொரு குடமும் வெகுதூரத்திலிருந்து இடுப்பில் சுமந்து வந்த குடம்.

கூட்டத்தை எதிர்பார்த்திருந்தவர்கள் முன்னால் ஒரு பொம்பளையும் ஒரு நாயும் போய் நின்றார்கள்.

"இவ்ளோ பேர்தானா?" என்று முதல் வீட்டுக்காரி கேட்டிருக்கிறாள்.

அண்ணிக்கு அவமானம் தாங்கவில்லை. தப்புச் செய்தவர்கள் ஏசி வேனில் போகிறார்கள், கூசிப்போய் நின்றவள் இவள். "பின்னாடி வர்றாங்க" என்று சொல்லிவிட்டாள். ஒரு வீட்டில் குடித்துவிட்டு அடுத்த வீட்டில் எப்படி வேண்டாம் என்பது? வீட்டுக்கு ஒரு வாய் குடித்தாள். மேனேஜருக்குக் கொட்டாங்குச்சியில் ஊற்றினார்கள், அவரும் தயங்கவில்லை. வாசலுக்கு வாசல் "பின்னாடி வர்றாங்க" என்று சொல்லிக்கொண்டே போனாள். சொல்லச் சொல்ல அந்தப் பொய் கனத்துப்போனது என்றாள் என்னிடம்.

கடைசி ஊரில் அக்காவின் கட்டிலை ஜன்னலோரம் நகர்த்திப் போட்டிருந்தார்கள். ஜன்னல் திட்டில் வீட்டிலிருந்த டம்ளர் அத்தனையும் கழுவிக் கவிழ்த்து வரிசையாக இருந்தது.

"மத்தவங்கள்லாம் எங்கடி?" என்று அக்கா குழறிக் கேட்டாள்.

"பின்னாடி வர்றாங்கக்கா."

"நர்சு?"

"நர்சும்தான்."

சொல்லிவிட்டு அங்கே நிற்க முடியாமல் வேகமாக நடந்துவிட்டாள்.

இந்த நேரத்தில் நான் பள்ளி மைதானத்தில் துண்டும் எலுமிச்சை ஜூஸும் வைத்துக்கொண்டு நின்றிருந்தேன். நடைப்பயணிகள் கைதட்டலோடு உள்ளே வந்தார்கள். ஒருவர் பனியனிலும் வியர்வை இல்லை. எனக்கு அப்போதே சந்தேகம். மைக்கில் செயலாளர், "ஒரே ஒருவர் மட்டும் உடல்நிலை காரணமாகப் பாதியில் விலகிவிட்டார்" என்று அண்ணியைத்தான் சொன்னார். பதறிப்போய் போன் செய்தேன்.

"அண்ணி, எங்க இருக்கீங்க? உடம்புக்கு என்ன?"

"எனக்கென்ன? நல்லாத்தான் நடந்து வர்றேன். மத்தவங்க வேன்ல ஏறிட்டாங்க. அவங்களுக்கு உடம்பு எப்படி இருக்குன்னு கேளு."

குதிரை கீழே தள்ளியதுமில்லாமல் குழியும் பறித்ததாம். அது போதாதென்று சங்கத் தலைவர் எழுந்தார். "கடலோரச் சாலை வண்டி போகிற நிலையில் இல்லை என்பதை நம் நடைப்பயணிகள் இன்று நேரிலேயே கண்டறிந்தார்கள். ஆகவே இந்தப் புதிய வண்டி நகரப் பகுதியிலேயே சேவை செய்யும்" என்றார். தெருவுக்கு ஒரு ஆஸ்பத்திரி இருக்கிற நகரத்தில்! முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதைக் கேள்விப்பட்டிருக்கிறேன், அன்றுதான் கண்ணால் பார்த்தேன்.

"யாருங்க நேர்ல பாத்தது?" என்று கத்தினேன்.

"மேடம், கொஞ்சம் அமைதியா இருங்க" என்று ஒருவர் என்னைத் தடுக்க வந்தார். அதற்குள் வாசலில் லாரி ஹாரன் காது கிழிய அடித்தது.

முதலில் மேனேஜர் உள்ளே வந்தார். நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு, பாதைக்கு நட்ட நடுவே. பின்னால் செருப்பைக் கையில் பிடித்தபடி அண்ணி. அவளுக்கும் பின்னால் தண்ணீர் சொட்டச் சொட்ட ஒரு மீன் லாரி. டிரைவர் ஜன்னல் வழியாகப் பாதி உடம்பை வெளியே நீட்டியிருந்தார்.

"யம்மா, அந்த நாயக் கொஞ்சம் ஓரமாக் கூப்பிடும்மா! கடைசி ஊர்லருந்து இப்படியே உருட்டிட்டு வர்றேன். ஏறிக்கன்னாலும் ஏற மாட்டேங்கிற, வழியும் விட மாட்டேங்கிறாரு. ஐஸெல்லாம் கரைஞ்சுபோச்சு!"

நான் ஓடிப்போய் அண்ணியிடம் தலைவர் சொன்னதைச் சொன்னேன். அவள் முகம் போன போக்கை நான் மறக்கமாட்டேன். டிரைவர் பக்கம் திரும்பினாள்.

"அண்ணே, எந்த ரோட்டுல வர்றீங்க? எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொல்லுங்க."

"இதென்னம்மா கேள்வி? கடலோர ரோடுதான். தெனமும் போய் வர்ற ரோடுதானே!"

மீன் வாடைக்குச் சிறப்பு விருந்தினர் கைக்குட்டையை எடுத்தார். தலைவர் தொண்டையைச் செருமி, "பரிசீலிக்கிறோம்மா" என்றார். எங்கள் அலுவலகத்தில் அந்த வார்த்தைக்கு, வீட்டுக்குப் போ என்று அர்த்தம். அண்ணிக்கும் அது தெரியும், எத்தனையோ தடவை நானே சொல்லியிருக்கிறேன்.

செயலாளர் ஒரு சான்றிதழை நீட்டினார். அவள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. திரட்டிய பணத்தில் வாங்கி, ரிப்பன் கட்டி நிறுத்தியிருந்த புது வண்டியிடம் நேராகப் போனாள். ரிப்பனைப் பல்லால் நூல் கடிக்கிற மாதிரி கடித்து அறுத்தாள், கதவைத் திறந்தாள். மேனேஜர் முதலில் தாவி ஏறினார். அண்ணி பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

"காலைல ஏறு ஏறுன்னீங்கல்ல? இப்ப ஏறிட்டேன். எடுங்க வண்டிய."

"நாய் சீட்ட..." என்று ஆரம்பித்த செயலாளரைப் பார்த்து மேனேஜர் ஒரு உறுமல் உறுமினார். அந்தப் பேச்சு அதோடு சரி.

மேடையில் ஓர் ஓரமாகப் பொம்மை மாதிரி உட்கார வைத்திருந்த நர்சம்மா எழுந்தார். பையை எடுத்துக்கொண்டு யாரையும் கேட்காமல் இறங்கி வந்து மறுபக்கக் கதவைத் திறந்தார். "உங்கக்காவுக்குக் கட்டு மாத்தி எவ்வளவு நாளாச்சு?" என்று கேட்டபடியே ஏறினார். வண்டியின் டிரைவர் தலைவரைப் பார்த்தார். தலைவர் சிறப்பு விருந்தினரைப் பார்த்தார். கேமராக்கள் எல்லாம் தன் பக்கம் இருந்ததால் சிறப்பு விருந்தினர் சிரித்தபடி கொடியசைத்தார். மனசு இரங்கி அசைத்தார் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எப்படியோ அசைத்துவிட்டார். எல்லோர் கண்ணெதிரிலும் அந்தச் சாலையில் போய்விட்ட வண்டியை, போகாது என்று மறுபடி மைக்கில் சொல்ல முடியாது அல்லவா? நானும் முண்டியடித்து ஏறிக்கொண்டேன்.

கடைசி ஊருக்குப் போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. ஜன்னல் திட்டில் டம்ளர்கள் கவிழ்த்தபடியே இருந்தன. எடுத்து வைக்க வந்தவர்களை அக்கா விடவில்லையாம்.

"யாரு?" என்றாள் உள்ளிருந்து.

அண்ணி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "நான்தான்க்கா. சொன்னேன்ல, பின்னாடி வர்றாங்கன்னு."

அக்கா அசைகிற கையை நீட்டி ஒரு டம்ளரை நிமிர்த்தி வைத்தாள்.

"இவ்ளோ நேரமாடி வர்றதுக்கு? சரி, முதல்ல எல்லாரையும் தண்ணி குடிக்கச் சொல்லு."