திராட்சைத் தோட்டத்துப் படகு எஞ்சின்

எங்கள் மாவட்டத்துக்கு எந்தத் திசையிலும் கடல் கிடையாது. ஆனாலும் கூடலூரில் என் அத்தையின் திராட்சைத் தோட்டத்தில், கிணற்று மேட்டில், ஒரு படகு எஞ்சின் இருந்தது. மலைக்கு மேலே ஏரியில் ஆட்களை ஏற்றிப்போன ஏதோ ஒரு பழைய படகைப் பிரித்துப் போட்டபோது மாமா அதை மலிவாக வாங்கி, ஜீப்பில் இறக்கிக்கொண்டு வந்து, கிணற்று பம்போடு பூட்டிவிட்டார். தோட்டத்துக்கு மின்சாரம் வராத காலம். மாமா செய்த காரியங்களில் உருப்படியானது அது ஒன்றுதான் என்பார் பெரியப்பா. மாமா இறந்த பிறகு அதையும் சொல்வதை நிறுத்திக்கொண்டார்.

படகின் வயிற்றுக்குள், மரச்சட்டங்களுக்கு நடுவே உட்கார வேண்டிய எஞ்சின் அது. அதனால் அதன் எக்ஸாஸ்ட் மேனிபோல்டு, அதாவது சிலிண்டர்களிலிருந்து வரும் புகையைச் சேர்த்து வெளியே அனுப்பும் இரும்புக் கூடு, இரட்டைச் சுவரோடு செய்யப்பட்டிருந்தது. உள்ளே புகை போகும். சுற்றிலும் தண்ணீர் ஓடி அதைக் குளிரவைக்கும். நடுச்சுவர் துருப்பிடித்து ஓட்டையானால் தண்ணீர் சிலிண்டருக்குள் இறங்கிவிடும். இறங்கியது. காலாண்டு விடுமுறைக்கு நான் அத்தை வீட்டில் இருந்தபோது ஒரு காலையில் எஞ்சின் விக்கி விக்கி நின்றது. ஆயிலைத் திறந்துவிட்டபோது பால் அதிகமாக ஊற்றிய டீயைப் போல வந்தது.

எஞ்சின்களையும் கொதிகலன்களையும் சோதித்துக் கையெழுத்துப் போடும் அரசு வேலையில் இருந்து ஓய்வு பெற்றவள் நான். இந்தக் கோளாறுக்கு என்ன முறை என்று இன்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரிசையாகச் சொல்வேன். அப்போது எனக்கு ஒன்பது வயது. டீ என்று சொல்லிச் சிரித்தேன். அத்தை சிரிக்கவில்லை. கவாத்து வெட்டி முடிந்து கொடிகள் துளிர் விட்டிருந்த நேரம். தண்ணீர் நின்றால் அந்த வருடத் திராட்சை இல்லை.

செய்தி தேனிக்குப் போன வேகத்தில் பெரியப்பா வந்து இறங்கினார். அத்தைக்கு மூத்த அண்ணன் அவர். என் அப்பா இளைய அண்ணன். தேனியில் இரண்டு குடும்பத்துக்கும் ஒரே வீடு. தங்கை தனியாகத் தோட்டத்தில் கிடப்பது இருவருக்கும் உறுத்தலாக இருந்தது. பெரியப்பா அதைப் பாசம் என்றார். பாசமும் அதில் கொஞ்சம் இருந்தது.

“ஒத்தப் பொம்பள இங்கன கெடந்து என்னத்தக் கிழிக்கப் போற? நாலு பேரு என்னயத்தான கேப்பாக? தோட்டத்தக் குத்தகைக்கு விட்டுட்டு எங்க கூட வந்துரு.”

“எஞ்சின் ஓடுனா?” என்றாள் அத்தை.

“ஓடுனாத்தான?”

“ஓடுனா என்ன சொல்லுறீக பெரியண்ணே?”

பெரியப்பா சிரித்தார். “வர்ற ஞாயித்துக்கெழம கம்பத்து யாவாரியக் கூட்டியாரேன். அன்னைக்குக் கடைசி வரிசைக்குத் தண்ணி பாஞ்சா தோட்டம் ஒன்கிட்டயே இருக்கட்டும். இல்லேன்னா குத்தகப் பத்திரத்துல கையெழுத்துப் போட்டுட்டு வண்டியேறிரணும்.”

நிபந்தனை எழுத்தில் இருக்க வேண்டும் என்று பின்னாளில் எத்தனையோ பேரை நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அத்தைக்கு அண்ணனின் வாய்ச்சொல் போதுமானதாக இருந்தது.

கம்பத்திலிருந்து வந்த மெக்கானிக் எஞ்சினை ஒரு சுற்றுச் சுற்றிவந்து கையைத் துடைத்துக்கொண்டார். கையில் அழுக்கு எதுவும் ஆகியிருக்கவில்லை. “இது தண்ணியில போற சாமான்க்கா. தரையில வச்சு ஓட்டுனா நான் என்னத்தப் பண்ண?” என்று சொல்லிவிட்டு மோர் குடித்துவிட்டுப் போனார்.

மறுநாள் அத்தை என்னையும் கூட்டிக்கொண்டு ஜீப்பில் குமுளிக்கு ஏறினாள். மாமாவுக்கு எஞ்சினை விற்றவரிடம் அதே ரகத்தில் இன்னொன்று துண்டு துண்டாகக் கிடந்தது. அதன் மேனிபோல்டைக் காட்டி, தனக்குத் தெரிந்த மலையாளத்தையும் தெரியாத மலையாளத்தையும் கலந்து அத்தை பேசினாள். “சேட்டா, இதுல ஓட்ட உண்டோ இல்லையோ, அதப் பறையணும்.” அவர் இல்லை என்று சத்தியம் செய்தார். அத்தை நம்பவில்லை. ஒரு வாயைக் கட்டையால் அடைத்து, அவர் கண்முன்னாலேயே உள்ளே தண்ணீர் ஊற்றி, ஒரு டீ குடிக்கும் நேரம் காத்திருந்து, கசியவில்லை என்று கண்ட பிறகுதான் சாக்கில் சுற்றச் சொன்னாள். கூடவே மரையாணிகளையும் இலவசமாகக் கேட்டு வாங்கினாள்.

இறங்கும் ஜீப்பில் ஏலக்காய்த் தோட்டத்து ஆட்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். சாக்கு மூட்டை அத்தை மடியில் இருந்தது. “என்னத்தா, சாமி செலையா?” என்று ஒருவர் பயபக்தியோடு கேட்டார். “ஆமா, இந்த வருசம் எங்களுக்கு இதுதான் சாமி” என்றாள். டிரைவர் அந்தச் சாமிக்கு அரை டிக்கெட் போட்டார்.

பழைய மேனிபோல்டைக் கழற்றுவதுதான் வேலை. துருவேறிய நட்டுகளுக்கு மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்து, கொஞ்சம் தளர்த்தி, மறுபடி இறுக்கி, மறுபடி தளர்த்தி, ஒவ்வொன்றாக எடுத்தோம். பின்பக்கத்து நட்டுகளுக்கு அத்தையின் கை நுழையவில்லை, என் கை நுழைந்தது. முழங்கை வரை கிரீசோடு சாப்பிட உட்கார்ந்தேன். யாரும் திட்டவில்லை. அந்த வீட்டில் அதற்கு முன்பும் பின்பும் அப்படி நடந்ததில்லை.

சனிக்கிழமை, கடைசி நட்டு மட்டும் பாக்கி இருந்தபோது, அப்பா உதவிக்கு வந்தார். ஸ்பேனரின் வாலில் ஒரு நீளக் குழாயைச் சொருகி முழு பலத்தோடு அமுக்கினார். மரையாணி பாதியில் முறிந்தது.

“அவ்வளவுதான், ஒண்ணும் செய்ய முடியாது” என்றார் அப்பா. அவர் முகத்தில் வருத்தம் தெரிந்தது. கூடவே கொஞ்சம் நிம்மதியும் தெரிந்தது என்று இப்போது தோன்றுகிறது.

“போதும் சின்னண்ணே. நீங்க அங்கன நெழல்ல உக்காருங்க.”

அத்தை அடுப்பிலிருந்து கங்குகளை இரும்புக் கரண்டியில் அள்ளி வந்து, முறிந்த ஆணியின் மிச்சத்தோடு அணைத்துப் பிடித்தாள். நான் ஊதுகுழலால் ஊதினேன். “ஊது ஆத்தா, நிறுத்தாம ஊது. மூச்சு வாங்குனா நாளைக்கு வாங்கிக்க.” ஆணி நிறம் மாறியதும், அது இரும்புக்குள் நுழையும் இடத்தில் மெழுகுவர்த்தியை ஒற்றினாள். மெழுகு உருகி மரைக்குள் இறங்கியது. பைப் ரெஞ்சால் பிடித்து, முதலில் இறுக்கும் பக்கமாகத் துளி அசைத்து, பிறகு மெல்லத் திருப்பினாள். கிறீச்சென்று ஒரு சத்தம். முழுசாக வெளியே வந்துவிட்டது. நிழலில் இருந்த அப்பா எழுந்து நின்றார்; பிறகு உட்கார்ந்துகொண்டார்.

இரண்டு இரும்புக்கும் நடுவே கசியாமல் அடைக்கும் கேஸ்கெட், அந்த அளவில் வெட்டியதாகக் கிடைக்கவில்லை. அத்தை ஊருக்கெல்லாம் ரவிக்கை தைத்துக் கொடுப்பவள். மேனிபோல்டின் வாய்களில் கிரீசைத் தடவி, காகிதத்தை ஒற்றி எடுத்து, அந்த அச்சை வைத்து கம்பத்தில் வாங்கிய கேஸ்கெட் தகட்டை வெட்டினாள், துணிக் கத்திரியாலேயே. நான் அந்தக் கத்திரியால் ஒருமுறை காகிதம் வெட்டி அறை வாங்கியிருந்தேன். புது மேனிபோல்டை ஏற்றி, நடுவிலிருந்து ஓரத்துக்கு ஒன்றுவிட்டு ஒன்றாக நட்டுகளை இறுக்கினாள். அதுதான் சரியான முறை. ரவிக்கைக்கு ஊசி குத்தும்போதும் அப்படித்தான் குத்துவாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பெரியப்பா பத்திரத்தோடும் வியாபாரியோடும் வந்தார். சிலிண்டரில் மிச்சமிருந்த தண்ணீரை வெளியேற்றி, புது ஆயில் ஊற்றி எல்லாம் தயாராக இருந்தது. அத்தை சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கைப்பிடியைப் போட்டுச் சுற்றினாள். எஞ்சின் இருமியது. மறுபடி சுற்றினாள். இருமலும் நின்றது. மூன்றாம் முறை கைப்பிடி பாதிச் சுற்றிலேயே உதைத்துத் திரும்பி வந்தது. அப்பா அண்ணன் முகத்தைப் பார்த்தார். அண்ணன் மலையைப் பார்த்தார்.

“தள்ளுத்தா” என்று வியாபாரி சட்டைக் கையை மடித்துவிட்டார். “பூராத்தையும் பூட்டிட்டு இதுக்குப் போயி நிக்கலாமா?” குத்தகைக்கு வந்த மனிதர் பல்லைக் கடித்துக்கொண்டு சுற்றினார். பத்துச் சுற்றில் எஞ்சின் வெள்ளைப் புகையாகக் கக்கி, அதிர்ந்து, பிடித்துக்கொண்டது. கிணற்றுத் தண்ணீர் குழாயில் குதித்து வந்தது.

“ஏங்க, யாருக்கு வேல பாக்குறீரு?” என்றார் பெரியப்பா.

“அடடே!” என்றார் வியாபாரி. அப்போதுதான் அவருக்கு உறைத்தது. கையை உதறிக்கொண்டு அவரே முதலில் சிரித்தார். “ஓடாம நின்னா எனக்கு மனசு கேக்காது, அண்ணாச்சி.”

அத்தை மண்வெட்டியோடு தண்ணீருக்கு முன்னால் நடந்து, வரப்பை வெட்டி வெட்டி வழிவிட்டாள். நாங்கள் எல்லோரும் பந்தலுக்குள் குனிந்தபடி பின்னால் போனோம். கடைசி வரிசையின் கடைசிக் கொடியில் மண் கறுத்தது. பெரியப்பா வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அந்த ஈரத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

“நல்லது. இனி ஒம் பாடு, ஆத்தா” என்றார்.

நான் கை தட்டினேன். அதைப் பரிசு கொடுப்பதைப் போல எடுத்துக்கொண்டேன். அத்தை தட்டவில்லை. மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு, இரண்டு அண்ணன்களும் ரோட்டுக்கு ஏறிப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அப்பா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். தேனி வரும்வரை பஸ்ஸில் நான்தான் பேசிக்கொண்டு வந்தேன்.

தை பிறக்க இரண்டு நாள் இருக்கும்போது எங்கள் வீட்டில் கரும்புக் கட்டும் மஞ்சள் கொத்தும் புதுப் பானைகளும் வந்து இறங்கின. கட்டிக்கொடுத்த பெண்களுக்குப் பிறந்த வீட்டிலிருந்து போகும் பொங்கல் சீர். பெரியப்பா மகளுக்கு உரியது ஓரமாக எடுத்து வைக்கப்பட்டது. அத்தைக்கு வருடம் தவறாமல் போய்க்கொண்டிருந்தது எடுத்து வைக்கப்படவில்லை. வேலை மும்முரத்தில் மறந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். ராத்திரி எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது நான்தான் ஞாபகப்படுத்தினேன். யாரும் நிமிரவில்லை. பெரியப்பாவுக்குக் காதில் விழவில்லை போலிருக்கிறது என்று, இன்னொரு முறை, இன்னும் சத்தமாகச் சொன்னேன்.