சீட்டுத் துணியில் துருக்கோடு

எட்டு மாதம், ஞாயிற்றுக்கிழமை தவறாமல், கோலாலம்பூரில் பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து செந்தூலுக்கு மினி பஸ் ஏறினேன். மடியில் ஒரு பிஸ்கட் டின். அதற்குள் பஞ்சில் பொதிந்த பிளாஸ்டிக் ஹெலிகாப்டர், அசலில் நாற்பத்தெட்டில் ஒரு பங்கு. கண்டக்டர் வாரா வாரம், "என்னண்ணே, கேக்கா?" என்பான். ஆமாம் என்று சொல்லிவிடுவேன். முப்பது வயது ரயில்வே கிளார்க் பொம்மை தூக்கிக்கொண்டு போகும் கதையை அவனுக்கு விளக்க எனக்குப் பொறுமை கிடையாது.

போவது அக்கா வீட்டுக்கு. ஆனால் பார்க்கப் போவது அத்தானை. அவர் விமானப்படையில் பத்து வருஷம் இருந்துவிட்டு வெளியே வந்தவர். ஹெலிகாப்டரில் பின்னால் உட்கார்ந்து பறந்தவர், காட்டுக்குள் ஆள் இறக்கியவர் என்று கல்யாணத்துக்கு முன்பிருந்தே எங்கள் வீட்டில் பேச்சு. அவரும் இல்லை என்று சொன்னதில்லை. அவர் பறந்ததாகச் சொன்ன அதே ரகத்தை புக்கிட் பிந்தாங்கில் ஒரு சீனர் கடையில், துண்டு துண்டாக ஒட்டிச் செய்யும் பெட்டியாகப் பார்த்ததும் வாங்கிவிட்டேன். வெளி உடம்பை எவனும் படம் பார்த்துச் செய்துவிடுவான். எனக்கு உட்புறம் வேண்டும். கதவு வழியே பார்த்தால் அத்தான் உட்கார்ந்த இடம், அழுக்கும் தேய்மானமுமாக, அப்படியே தெரிய வேண்டும். அவர் குனிந்து பார்த்து ஆமாம் என்றால் போதும். மாடல் போட்டி, பரிசெல்லாம் அப்புறம்தான்.

பெட்டியில் உட்புறம் என்று கொடுத்திருந்தது ஒரு தட்டைத் தரையும் நாலு கட்டை நாற்காலியும்தான். அவற்றை வெட்டி எறிந்தேன். சிகரெட் பெட்டியின் ஈயத்தாளில் பெல்ட் வெட்டினேன். மெல்லிய காகிதத்தைப் பசையில் நனைத்துத் உட்காரும் துணிச் சீட்டு செய்தேன், பல்குச்சி நுனியால் அதில் சுருக்கம் விட்டேன். தரைக்கு முதலில் வெள்ளி, அது காய்ந்தபின் பச்சை. பூட்ஸ் மிதிக்கும் இடத்தில் மட்டும் பச்சையைச் சுரண்டி, பென்சில் தூளை விரலால் தேய்த்தேன். தேய்ந்த உலோகத்தின் மினுக்கு வந்துவிட்டது. கேரி தீவுக்கு ஒரு சாவு வீட்டுக்குப் போனபோது தோட்டத்து மண்ணை ஒரு பொட்டலம் கட்டிக்கொண்டு வந்தேன். அதைக் காயவைத்து, இடித்து, பழைய சாக்ஸில் சலித்து மூலைகளில் தூவினேன்.

எங்கே தேயும், எங்கே எண்ணெய் வழியும் என்பதெல்லாம் அத்தான் சொன்னதுதான். ஒரு ஞாயிறு சீட்டைக் கையில் வாங்கிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"ரொம்ப சுத்தமா இருக்குடா. முதுகுப் பக்கம் துருக்கோடு விழும். குறுக்கா ரெண்டு. எல்லா சீட்லயும்."

"துணில எப்படி அத்தான் துரு?"

"உள்ள கம்பி இருக்குலா. மழைல நனையும், காயும். நான் பாத்திருக்கேன், நீயா பாத்தே?"

அதற்குமேல் நான் வாயைத் திறப்பேனா. தூரிகையில் மூன்றே மூன்று மயிர் விட்டு மிச்சத்தை வெட்டிவிட்டு, பதினாறு சீட்டுக்கும் இரண்டிரண்டு கோடு போட்டேன். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டு பார்த்திருந்தாள். முடித்ததும் அத்தான் குனிந்து பார்த்து, "இதேதான்டா" என்றார். அந்த வாரம் முழுக்க எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

போட்டி ஊர் நடுவில் ஒரு ஷாப்பிங் காம்ப்ளெக்ஸில் நடந்தது. அக்காவும் அத்தானும் வந்திருந்தார்கள். நடுவர்களில் ஒருவர் கிள்ளான்காரர், நம்ம ஆள், அதே ரகத்தில் பறந்து ஓய்வு பெற்றவர். சின்ன டார்ச் லைட்டைக் கதவு வழியாக விட்டு வெகுநேரம் பார்த்தார். தரையைப் பார்த்துத் தலையாட்டினார். பெல்ட்டைப் பார்த்துச் சிரித்தார். பிறகு சீட்டில் வெளிச்சத்தை நிறுத்தினார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தம்பி, வேலை ஏ ஒன். ஆனா இந்தக் கோடு பறக்கிற ஹெலிகாப்டர்ல இருக்காது. சீட்டக் கழட்டி ஸ்டோருக்கு அனுப்புவோம். அங்க இரும்பு ரேக்ல அடுக்கி வைப்பாங்க. ரேக் கம்பியோட துரு ஒட்டித்தான் இப்படி ரெண்டு கோடு விழும். அதச் சுத்தம் பண்ணாம நாங்க மாட்ட மாட்டோம். இது ஸ்டோர்ல வேலை பாத்தவனுக்குத்தான் தெரியும். யாரு சொன்னா?"

அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. பெருமையாக அத்தானைக் காட்டி, இவர் பறந்தவர் என்றேன். நடுவர் மரியாதையாகக் கை நீட்டி, எந்த வருஷம் பறந்தீங்க என்று அவரைக் கேட்டார்.

"நான் எங்க பாஸ் பறந்தேன், ஸ்டோர்லதான் இருந்தேன்" என்றார் அத்தான். "நான் இவன்கிட்ட ஒண்ணும் சொல்லல. இவனா எதையோ புக்ல பாத்துச் செஞ்சிருக்கான். சொன்னா கேக்கிற ஆளா இவன்?"

சிரித்த முகமாகத்தான் சொன்னார். நடுவர் என்னைப் பார்த்த பார்வையில் புளுகன் நான்தான்.

ஸ்டோரில் வேலை பார்த்தது என்ன கேவலமா? ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் அந்த ஸ்டோரையே கட்டியிருப்பேன், ரேக்கோடு. பொய்யைக்கூட மன்னித்துவிடலாம். நாலு பேர் முன்னால் என்னைக் கழற்றிவிட்டாரே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

அத்தான் கார் எடுக்கப் போனதும் அக்காவிடம் கேட்டேன், உனக்குத் தெரியுமா என்று.

"கல்யாணமான மொத மாசமே தெரியும்."

"அப்புறம் ஏன்க்கா சொல்லல? உன் கண்ணு முன்னாலதானே கோடு போட்டேன்."

அக்கா தலை குனியவில்லை.

"நீ வர்ற ஞாயித்துக்கிழமை அவர் குடிக்கப் போறதில்லடா. உன்கிட்டக் கதை சொல்லிக்கிட்டு வீட்லயே இருப்பாரு. எட்டு மாசமா ஞாயித்துக்கிழமை எனக்கு அடி கிடையாது."

அவள் அடி வாங்குவதே எனக்கு அன்றுதான் தெரியும். பாவமாகவும் இருந்தது, அவள் மேல் ஆத்திரமாகவும் இருந்தது. என் எட்டு மாதத்தைப் புருஷனும் பெண்டாட்டியும் ஆளுக்குப் பாதியாக எடுத்துக்கொண்டார்கள், என்னைக் கேட்காமலே.

"அடுத்த வாரமும் வாடா" என்றாள். "வேற ஏதாச்சும் கட்டு."

போனேன். புதுப் பெட்டி, வேறு ரக ஹெலிகாப்டர். மூடியில் இருந்த படத்தைப் பார்த்ததும் அத்தான், "இதுலயும் நான் போயிருக்கேன்டா" என்றார். அக்கா அடுப்படியிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

உள்ளே எப்படி இருக்கும் அத்தான், சொல்லுங்க என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன்.