கலங்கல் பீரும் பச்சை முந்திரியும்

கயல்விழிக்கு ஒரு வேலையில் மூன்று வருஷத்துக்கு மேல் இருப்புக் கொள்ளாது. சிப்காட்டில் ஒரு கம்பெனி லேபில் தண்ணீர் சோதித்தாள். பிறகு கேட்டரிங் படித்து, சிதம்பரத்தில் ஒரு மெஸ் நடத்தினாள். முப்பத்தெட்டு வயதில், கடலூர் தாண்டி, புதுச்சேரி எல்லைக்குள் நுழைந்ததும் வரும் ஒரு ரெஸ்டாரண்டில் சமையல் பொறுப்பேற்றாள். அங்கே பீரும் சொந்தமாகவே காய்ச்சுவார்கள். வீட்டில் ‘ஓட்டல்’ என்று மட்டும் சொல்லியிருந்தாள்.

அந்த மாசி மாதம் முதலாளி சிவசுப்ரமணியன் புதிதாக ஹேஸி ஐ.பி.ஏ. என்றொரு பீர் காய்ச்சினார். வடிகட்டாத பழச்சாறு மாதிரி மஞ்சளாக, கலங்கலாக இருந்தது.

“அக்கா, ஞாயித்துக்கெழம இத எறக்கறோம். கூடச் சாப்புட ஒண்ணே ஒண்ணு வேணும். இதுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கணும்.”

ஒரு வாய் எடுத்து, நாக்கில் உருட்டித் துப்பினாள். மாம்பழம், கொய்யா, ஆரஞ்சுத் தோல். கடைசியில் தொண்டை ஓரத்தில் மெல்லிய கசப்பு. மிளகாய் போட்டுக் கணவாய் வறுத்தாள்; காரம் பட்டதும் கசப்பு எகிறியது. புளி ஊற்றி மீன் செய்தாள். பழவாசனை காணாமல் போனது. உருளைக்கிழங்கு வறுவல் ஒத்துப்போனது, ஆனால் அது எதனோடும்தான் ஒத்துப்போகும். மூன்று நாளாக வீட்டில் குழம்பைக் கிண்டும்போதும் அதே நினைப்பு. இரண்டு தரம் உப்புப் போட்டாள்.

சனிக்கிழமை காலையும் நாலு வாய் பார்த்துவிட்டு, அவசரமாகச் சிதம்பரம் பஸ் ஏறினாள். கணவன் சபாபதியின் அத்தை சௌந்தரம் வீட்டில் நிச்சயதார்த்தம். சபாபதி ஷிப்ட் முடித்து நேராக அங்கே வந்திருந்தான். வாசலில் அவளைக் கட்டிக்கொண்ட அத்தை மூக்கைச் சுருக்கினாள்.

“என்னாடி, மாம்பழம் மணக்குது? மாசியில ஏது மாம்பழம்?”

“செண்ட்டு அத்த.”

அந்த மணத்துக்கு அடியில் பீர் வாடையும் சபாபதிக்கு எட்டியது; அவளையே பார்த்தான்.

பந்தியில் தேங்காய்ப்பாலில் பச்சை முந்திரி போட்ட கூட்டு வந்தது. ஒரு வாய் வைத்தவள் அப்படியே நிறுத்திவிட்டாள். காரமில்லை, புளிப்பில்லை, கொழகொழப்பும் லேசான இனிப்பும்தான். தட்டு மாற்றும் வரைகூட அவளால் உட்கார முடியவில்லை. கிளம்பிவிட்டாள். சபாபதி அவள் பின்னாலேயே பஸ் ஸ்டாண்டுக்கு வந்தான்.

பஸ்ஸில் கேட்டான். “குடிக்கிறியா கயல்?”

“ருசி பாத்துட்டுத் துப்பிடுவேன் மாமா. ஓட்டல்ல பீரும் காச்சறாங்க, அதுக்கேத்த மாதிரி சமைக்கறதுதான் என் வேல.”

“எவ்ளோ நாளா?”

“ஏழு மாசம்.”

பஸ் ஆலப்பாக்கம் தாண்டியது.

“எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்.”

“சொல்லியிருந்தா விட்டிருப்பீங்களா?”

“தெரியல.”

கடலூரில் அவன் வீட்டுக்குப் போகவில்லை. அவளோடு அடுத்த பஸ் ஏறினான். சமையலறை ஓரத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, அவள் நண்டுச் சதையைப் பச்சை முந்திரியோடு தேங்காய்ப்பாலில் கொதிக்கவிட்டு, நார்த்தை இலையைக் கிள்ளிப் போடுவதைப் பார்த்தான்.

ஒரு வாய் நண்டு, ஒரு வாய் பீர். கசப்பு தேங்காய்ப்பாலில் அடங்கி, பழவாசனை மேலே வந்தது. கயல்விழி தட்டை முதலாளியிடம் நீட்டினாள். சிவசுப்ரமணியன் ருசி பார்த்துவிட்டு இன்னொரு கரண்டி எடுத்துக்கொண்டார்.

சபாபதி பீரைத் தொடவில்லை. நண்டை இரண்டு தட்டு சாப்பிட்டான். “அத்தகிட்ட நானே சொல்லிடறேன்,” என்றான்.

சொன்னான். அத்தை இரண்டு மாதம் அவர்களோடு பேசவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்துக்குள் நண்டு தீர்ந்துபோனது. திங்கட்கிழமை வந்ததும் கயல்விழி நேராகப் பீர் காய்ச்சும் அறைக்குப் போனாள். வறுத்த பார்லியில் கறுப்பாக இன்னொரு பீர் நொதித்துக்கொண்டிருந்தது.

“இது எப்ப ரெடியாவும் சார்?” என்று சிவசுப்ரமணியனிடம் கேட்டாள்.