அக்கா விட்ட பிழை

பதினொரு வயதில் எனக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. எழுத்தில் பிழை கண்டால் சொல்லாமல் இருக்க முடியாது. புலமைப்பரிசில் பரீட்சையில் தேறிய பிறகு வகுப்பு ரீச்சர் மற்றப் பிள்ளைகளின் சொல்வதெழுதல் கொப்பிகளை என்னிடம் தந்து திருத்தச் சொல்லுவார். அதோடு எனக்குத் தலை கால் தெரியாமல் போய்விட்டது. கடைப் பலகை, கலியாண அழைப்பிதழ், கோயில் நோட்டீஸ் என்று எதையும் விடுவதில்லை. பக்கத்து வீட்டு மரண அறிவித்தலிலும் ஒரு ‘ற’கரப் பிழை கண்டுபிடித்து அம்மாவிடம் குட்டு வாங்கினேன்.

அந்த வருடம் அக்கா, பல்கலைக்கழகம் போவதற்கான உயர்தரப் பரீட்சைக்கு மூன்றாம் தரமாகப் படித்துக்கொண்டிருந்தாள். இரண்டாம் தரம் மருத்துவத்துக்குக் கொஞ்சப் புள்ளிதான் குறைந்தது. அப்பாவுக்கு மூன்றாம் தரத்தில் நம்பிக்கை இல்லை. பூநகரியில் எங்களுக்கு வயல் இருந்தது, புதிதாகக் கட்டிய வீடு இருந்தது. ஆனால் போர்க் காலத்தில் வயலையும் பழைய வீட்டையும் விட்டுவிட்டு ஓடிய மனுஷன் அவர். “வீடும் போகும், வயலும் போகும், அரசாங்க உத்தியோகம் போகாது” என்பார். ஒரு திணைக்களத்தில் அலுவலக உதவியாளர் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று மாமா செய்தி கொண்டு வந்தபோது அப்பா அன்றே விண்ணப்பத்தை வாங்கிவரச் சொன்னார். வேலை கிடைத்தால் வவுனியாவில் போய்த் தங்க வேண்டும்.

“சோதினை முடியட்டுமே அப்பா” என்று அக்கா ஒரு தரம் சொன்னாள். அப்பா விண்ணப்பத்தை அவள் முன்னால் வைத்தார். அக்கா இரண்டாம் தரம் சொல்லவில்லை. அன்றைக்கே மேசையில் இருந்து விண்ணப்பத்தை நிரப்பி, கடித உறைக்குள் வைத்து ஒட்டப்போனாள். அம்மாவின் தம்பியான மாமா, எங்கள் பகுதியில் விண்ணப்பங்களுக்கெல்லாம் தானே அதிகாரி என்று நினைப்பவர், “பொறு பிள்ளை, ஒரு கொப்பி எடுத்து வைக்க வேணும்” என்று அதை வாங்கிக்கொண்டு போனார். முன்பக்கத்தை மட்டும் போட்டோக் கொப்பி எடுத்துவிட்டு, கிளிநொச்சிக்குப் போய்க் கையாலேயே கொடுத்துவிட்டு வந்தார்.

வியாழக்கிழமை பின்னேரம் அந்தக் கொப்பி என் கண்ணில் பட்டது. அக்காவின் அடையாள அட்டை இலக்கம் எனக்குப் பாடம். விண்ணப்பத்தில் நடுவில் இரண்டு எண்கள் இடம் மாறியிருந்தன. முப்பத்தேழு எழுபத்து மூன்றாகி இருந்தது.

“அப்பா, அக்கா பிழை விட்டிட்டா!” என்று நான் முற்றத்துக்கு ஓடினேன்.

அக்கா குசினிக்குள் இருந்து வந்து தாளை என் கையில் இருந்து பறித்தாள். “நீ ஏன் என்ர கடுதாசியளைத் தொடுறாய்?” அவள் என்னோடு அப்படிக் கதைத்ததே இல்லை. எனக்கு அழுகை வந்தது. பிழை விட்டது அவள், ஏச்சு எனக்கா?

அப்பா தாளை வாங்கி, அடையாள அட்டையையும் எடுத்துவரச் சொல்லி, விரல் வைத்து ஒவ்வொரு எண்ணாகப் பார்த்தார். விண்ணப்பம் கொடுக்கக் கடைசி நாள் மறுநாள் வெள்ளிக்கிழமை.

“சின்னப் பிழைதானே, விடுங்கோ அப்பா” என்றாள் அக்கா.

மாமாவும் அதையே சொன்னார். “குடுத்ததைத் திருப்பிக் கேட்கப் படாது அத்தான். கேட்டால் அவங்களுக்கு மற்ற எல்லாத்திலயும் சந்தேகம் வரும். கண்டால் கண்டது, காணாட்டி எங்கட அதிர்ஷ்டம்.”

“இலக்கம் பிழையெண்டால் அது வேற ஆளல்லோ?” என்றார் அப்பா. “என்ர பிள்ளையின்ர வேலையை ஊர் பேர் தெரியாத ஒருத்திக்குக் குடுக்கச் சொல்லுறீரோ?”

அம்மா அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாடசாலை விடுமுறை. வெள்ளி காலை அப்பா என்னை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டார். பிழையைக் கண்டுபிடித்தவள் நான்தானே, காட்டிக் கொடுக்கவும் நான் வேண்டும். பரந்தன் சந்தி வரை ஒரே வெளி, ஒரே காற்று. முன்னால் ஒரு ட்ராக்டர் போனாலும் அப்பா பல்லைக் கடித்தார்.

கிளிநொச்சி அலுவலகத்தில் கண்ணாடி போட்ட ஓர் அம்மா இருந்தார். அப்பா கையைக் கட்டிக்கொண்டு விசயத்தைச் சொன்னார். அவர் சலித்துக்கொள்ளவில்லை. கோப்பைத் தேடி எடுத்தார். நான் எட்டி அந்த இரண்டு எண்களிலும் விரலை வைத்தேன். “கெட்டிக்காரி” என்றார். பிறகு தாளைத் திருப்பினார்.

“இதில கையெழுத்தே இல்லையே ஐயா.”

அப்பாவின் முகம் செத்துப்போனது. தான் போடலாமா என்று கேட்டார். ஆள் வந்துதான் போட வேண்டும், இலக்கத்தையும் அவதான் திருத்திப் பக்கத்தில் ஒப்பமிட வேண்டும், நாலேகாலுக்குப் பிறகு ஒன்றும் செய்ய ஏலாது என்றார் அந்த அம்மா. மணி பதினொன்றரை தாண்டியிருந்தது. பூநகரிக்குப் போய்த் திரும்ப வேண்டும். மோட்டார் சைக்கிளில் மூன்று பேர் வர முடியாது. அப்பா என்னை ஒரு கதிரையில் இருத்தி, “அசையாதை” என்று சொல்லிவிட்டு ஓடினார்.

நான் சுவர் மணிக்கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மணி. இரண்டு மணி. அந்த அம்மா தன் பையில் இருந்து ஒரு பணிஸ் எடுத்துத் தின்னத் தந்தார். நான் அதைக் கையிலேயே வைத்திருந்தேன்.

“அக்கா இப்ப என்ன செய்யிறா?” என்று கேட்டார்.

“திரும்பவும் சோதினை எடுக்கப் படிக்கிறா. டொக்டராகப் போறாவாம்.”

“கவனமில்லாத ஆளோ?”

எனக்குக் கோபம் வந்தது. “எங்கட அக்கா ஒரு பிழையும் விடமாட்டா. இதுதான் முதல் தரம்.”

அந்த அம்மா விண்ணப்பத்தைத் திரும்ப எடுத்து முன்பக்கமும் பின்பக்கமும் பார்த்தார். பிறகு கோப்பை மூடாமல் தன் பக்கத்திலேயே வைத்துக்கொண்டார்.

மூன்றரைக்கு அப்பாவும் அக்காவும் வந்தார்கள். வழியில் டயர் காற்றுப் போய்விட்டதாம். அப்பாவின் சேட் முழுக்கப் புழுதி. ஹெல்மெட்டைக் கழற்றாமலே நின்றார். அக்கா பேனையை வாங்கினாள். அந்த அம்மா தாளின் மேலிருந்து தன் கையை உடனே எடுக்கவில்லை.

“இன்னும் நேரமிருக்குப் பிள்ளை. வெளியில போய்த் தண்ணி குடிச்சு, ஆறுதலா யோசிச்சிட்டு வாரும்.”

ஒரு கையெழுத்துப் போட எதற்கு யோசிக்க வேண்டும்? மணிக்கூட்டின் முள் ஓடுகிறது, இந்த மனுஷி தண்ணி குடிக்கச் சொல்கிறாரே என்று எனக்குப் பதறியது. “போடுங்கோ அக்கா, கெதியாப் போடுங்கோ” என்றேன்.

அக்கா அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். அவர் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் பிடித்தார். “பாத்துப் போடு மோனை” என்றார், மெதுவாக. அக்கா குனிந்தாள். இரண்டு எண்களையும் வெட்டித் திருத்தினாள். தாளைத் திருப்பிக் கையெழுத்தைப் போட்டாள். பேனையைத் திருப்பிக் கொடுக்க மறந்து அப்படியே நின்றாள். அவ்வளவு தூரம் மோட்டார் சைக்கிளில் வந்த களைப்பில்தான் என்று நினைத்தேன்.

வேலை கிடைத்தது. அந்தப் பரீட்சையை அக்கா எழுதவில்லை. நான் படித்ததெல்லாம் அவளுடைய சம்பளத்தில்தான். என் பல்கலைக்கழக விண்ணப்பத்தையும் லீவில் வந்து நின்று அவளே நிரப்பினாள். ஓர் எழுத்தும் வெட்டவில்லை. நான் கையெழுத்திட வேண்டிய இடத்தில் முதலிலேயே பென்சிலால் ஒரு புள்ளடி அடையாளம் போட்டுத் தந்தாள். அதைப் பார்த்துக்கொண்டு, அன்றைக்கு அவளுடைய விண்ணப்பத்தில் கையெழுத்து இல்லாமல் கிடந்த இடத்தை நினைத்து, நான் வெகுநேரம் பேனையைக் கையில் வைத்திருந்தேன்.

ஆனால் அந்த வெள்ளிக்கிழமை பின்னேரம் எனக்கு உலகம் முழுக்க வெளிச்சமாக இருந்தது. அப்பா மோட்டார் சைக்கிளில் முன்னால் போக, அக்காவும் நானும் பூநகரி பஸ்ஸில் ஏறினோம். அவள் என்னை யன்னல் பக்கம் விட்டாள்.

“நான் பாக்காட்டி உங்கட விண்ணப்பத்தைக் கழிச்சிருப்பினம், என்ன அக்கா?”

“ஓம்” என்றாள். என் தலைமயிரை ஒதுக்கிவிட்டாள்.

அவள் எனக்கு நன்றி சொல்லுவாள் என்று நான் பூநகரி வரும்வரை காத்துக்கொண்டிருந்தேன்.