தெரியாது என்ற திண்டிவனம்

என் மகளின் மேசைமேல் ஒரு ஹெட்செட் இருக்கிறது. கறுப்பு நிறம், இரண்டு காதுக்கும் மெத்தை வைத்தது, வாய்க்கு முன்னால் வளைந்து நிற்கும் ஒரு சின்னக் குச்சி. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சமையல் வேலை முடிந்ததும் அவள் அதை மாட்டிக்கொண்டு உட்காருவாள். கணினித் திரையில் பனிமலையும் காடும் குகையுமாக ஓர் உலகம் விரியும். அதில் அவள் ஈட்டி பிடித்த ஒரு பெண்ணாக நடப்பாள். கூடவே ஏழெட்டுப் பேர் வருவார்கள். ஒருவர் மலேசியாவாம், ஒருவர் கோயம்புத்தூராம். யாரையும் அவள் நேரில் பார்த்ததில்லை. எந்த வழி போகலாம், எந்தக் கிணற்றுத் தண்ணீரில் விஷம், யாரை நம்பலாம் என்பதெல்லாம் குரலிலேயே கேட்டு, குரலிலேயே முடிவாகிறது. நாற்பது தாண்டிய பெண் விளையாடுவதில் எனக்கொன்றும் வருத்தமில்லை. ஆனால் யாரோ ஒரு குரல் "இந்தப் பக்கம் வாங்க" என்றதும் அவள் பாட்டுக்கு நடக்கிறாள் பாருங்கள், அப்போது எனக்கு அவள் கையைப் பிடித்து நிறுத்தத் தோன்றுகிறது. திரையில் இருப்பது பொம்மைதான் என்று தெரிந்தும் தோன்றுகிறது.

எனக்கும் ஒரு ஹெட்செட் இருந்தது. எண்பதுகளில் நான் விழுப்புரத்தில் டெலிபோன் ஆபரேட்டர். அது ஒரு காதுக்கு மட்டும்தான். இரும்புப் பட்டை தலையை அழுத்தும், பேசுகிற குழல் நெஞ்சின்மேல் தொங்கும். டியூட்டி முடிந்து கழற்றும்போது காது சுட்ட அப்பளம் மாதிரி இருக்கும். அந்தக் காலத்தில் வெளியூருக்குப் பேச வேண்டுமென்றால் எங்களிடம் பதிந்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். நாங்கள் எதிரே இருக்கும் போர்டின் துளையில் ஒயரைச் செருகி அடுத்த ஊர் ஆபரேட்டரைக் கூப்பிடுவோம். அவர் தன் ஊர் நம்பரைச் சேர்த்துக் கொடுப்பார். எங்களுக்குள் பெயர் கிடையாது. ஊர்தான் பெயர். "திண்டிவனம், ஒரு அர்ஜென்ட்" என்றால் அங்கே இருப்பவர் "சொல்லு விழுப்புரம்" என்பார். வருடக்கணக்காகத் தினமும் பேசிக்கொள்வோம், சண்டை போடுவோம், குழம்புக்குப் பக்குவம் கேட்போம். எதிரே வந்து நின்றால் அடையாளம் தெரியாது. என் மகளின் பனிமலைக்குச் சற்றும் குறைந்ததல்ல எங்கள் உலகம்.

அந்த உலகத்திடம் ஜனங்கள் எல்லாவற்றையும் கேட்டார்கள். பாண்டியில் மழையா, பக்கத்து ஊர் காணையிலிருந்து கரும்பு லாரி கிளம்பிவிட்டதா, மெட்ராஸ் வண்டி எத்தனை மணி லேட் என்று கேட்பார்கள். எங்கள் வேலை இணைப்புக் கொடுப்பது மட்டும்தான். ஆனால் கேட்கிறவருக்கு ஒரு பதில் கிடைத்தால் நிம்மதி, நாங்களும் அடுத்த போன் காலுக்குப் போகலாம். அதனால் "கிளம்பியிருக்கும்", "மழைதான் போலிருக்கு" என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிடுவோம். பெரும்பாலும் அது சரியாகவும் இருந்து தொலைக்கும்.

அப்படிச் சொல்லாதவர் ஒரே ஒருவர்தான். திண்டிவனத்தில் பகல் டியூட்டி பார்த்தவர். அவரை நான் அக்கா என்பேன். வயது தெரியாது. தொண்டை கட்டியது மாதிரி ஒரு குரல். அவசரமே கிடையாது. "அங்க மழையாக்கா?" என்று கேட்டால், "இரும்மா" என்பார். நாற்காலி நகரும் சத்தம் கேட்கும். ஜன்னல் கொக்கி விழும். திரும்பி வந்து, "தூறிக்கினு இருக்குது. கையை நீட்டிப் பாத்துட்டேன்" என்பார். ஐந்து லைனில் ஆட்கள் கத்திக்கொண்டிருக்கும்போது இந்த அம்மாள் கையை நனைத்துவிட்டு வருவார். பஸ் போய்விட்டதா என்றால், "அது எனக்குத் தெரியாதும்மா, இங்கேருந்து பஸ் ஸ்டாண்டு தெரியாது" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தெரியாத திண்டிவனம் என்று அவருக்கு நாங்கள் பட்டப்பெயரே வைத்திருந்தோம். அவருக்கும் அது எட்டியிருந்தது. கண்டுகொண்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

ஒரு வருடம் ஐப்பசியில் புயல் மழை பிடித்தது. என் வீட்டுக்காரருக்கு அப்போது வெளியூரில் வேலை. எனக்கு மாறி மாறி ஷிப்ட். நாலு வயது மகளை நாத்தனார் வீட்டில் விட்டிருந்தேன். விக்கிரவாண்டி தாண்டி, மெயின் ரோட்டிலிருந்து உள்ளே போகிற ஊர் அது. ரோட்டுக்கும் ஊருக்கும் நடுவே ஒரு ஓடை, அதன்மேல் தரைப்பாலம். ஊருக்குப் பின்னால் ஒரு கல்மேடு, மேட்டில் பள்ளிக்கூடம். மேற்கே, கண்ணுக்கு எட்டாத தூரத்தில், ஒரு பெரிய ஏரி. வெயில் காலத்தில் அந்த ஏரியைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள்.

காலையில் எங்கள் ஊர் லாரி செட்டு முதலாளி ஒருவர் மூன்று ஊர்களுக்கு டிரங்க் கால் பதிந்தார். மூன்றையும் நான்தான் இணைத்தேன். மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கிற நேரத்தில் தெற்கே ஒரு ஊர் ஆபரேட்டர், பெயர் வேண்டாம், "விழுப்புரம், உங்க பக்கம் பெரிய ஏரி உடைஞ்சிடுச்சாமே" என்றார். டப்பாவை மூடிவிட்டுக் கிழக்கே ஒரு ஊரைக் கூப்பிட்டேன். "ஆமாம்மா, இங்கயும் அப்படித்தான் பேசிக்கினு இருக்காங்க." வடக்கே கேட்டேன். "உனக்கு இப்பதான் தெரியுமா?" மூன்று திசையிலிருந்து மூன்று பேர் சொல்லிவிட்டார்கள். இதற்குமேல் எதை நம்பாமல் இருக்க? என் மகள் தண்ணீருக்குள் போவதை நான் அப்போதே பார்த்துவிட்டேன். போர்டில் இருந்த துளைகள் எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை.

அந்த நேரத்தில்தான் நாத்தனார் ஊரிலிருந்து கால் வந்தது. அந்த ஊருக்கு ஒரே போன், தபால் ஆபீஸில். போஸ்ட்மாஸ்டர் கத்தினார்: "ஏரி உடைஞ்சிடுச்சின்னு பஸ்காரங்க சொல்லிட்டுப் போறாங்கம்மா. நிஜமா? ஜனங்க மூட்டையைக் கட்டிக்கினு நிக்கிறாங்க. மெயின் ரோட்டுக்குப் போயிடலாம்னு பாக்குறோம். ஜல்தி சொல்லுங்க." லைனைப் பிடிக்கச் சொல்லிவிட்டுத் திண்டிவனத்தைக் கூப்பிட்டேன். ஏரிக்குப் பக்கத்தில் இருந்த ரைஸ் மில்லின் போன் அவர் போர்டில்தான் வரும். ஏரியைக் கண்ணால் பார்க்கக்கூடிய ஆள் அந்த மில்லில்தான் இருந்தார்.

"மில்லு லைன் காலையிலேயே செத்துப்போச்சும்மா. மரம் விழுந்திருக்கும்னு சொல்றாங்க, நான் பாக்கலை" என்றார் அக்கா. "ஏரி உடைஞ்சிடுச்சின்னு உனக்கு யாரு சொன்னா?"

மூன்று ஊர்களையும் சொன்னேன். "இரு, லைன்ல இரு" என்றார். அவர் அந்த மூன்று ஊர்களையும் ஒவ்வொன்றாகக் கூப்பிட்டுக் கேட்டது என் காதிலும் விழுந்தது. எல்லாரிடமும் ஒரே கேள்விதான்: யாரு பாத்தா? வடக்கு, கிழக்கைக் காட்டியது. கிழக்கு, தெற்கைக் காட்டியது. தெற்கு கொஞ்சம் இழுத்துவிட்டு, "காலையில விழுப்புரம் பார்ட்டி ஒருத்தர் இங்க பேசினாரே, அவரு ஏரியைப் பத்திப் பேசினது காதுல விழுந்திச்சு" என்றது. கிழக்கும் வடக்கும் அப்போதுதான் ஒப்புக்கொண்டன, அதே பார்ட்டி அங்கேயும் பேசினாராம். "விழுப்புரம், சேதி உன்கிட்டயிருந்துதான் கிளம்பியிருக்குது" என்றார் அக்கா. "அந்த ஆளைப் புடி."

லாரி முதலாளியைப் பிடித்தேன். "உடைஞ்சிச்சின்னு நான் எங்கம்மா சொன்னேன்? இந்த மழைக்கு ஏரி தாங்குமா, ஒருவேளை உடைஞ்சா ரோடு இருக்குமான்னு கேட்டேன். லோடு மாட்டிக்கிச்சின்னா பேஜாரு இல்லியா?" என்றார் அவர். அவ்வளவுதான். ஒரு மனுஷனின் பயம் என் கை வழியாக மூன்று ஊருக்குப் போய், அங்கே சேதியாகி, பஸ் ஏறி நாத்தனார் ஊருக்கும் போய், மூன்று சாட்சியாக என்னிடமே திரும்பி வந்திருந்தது.

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. "அப்ப ஏரி உடையலை, இல்லியாக்கா?" என்றேன்.

"அது எப்படிச் சொல்றது? உடைஞ்சதை யாரும் பாக்கலை. உடையாம இருக்கறதையும் யாரும் பாக்கலை. எனக்குத் தெரியாதும்மா."

அந்த நிமிஷம் நான் அவரை வெறுத்தேன். இந்த உலகத்தில் வேறு யாரையும் நான் அப்படி வெறுத்ததில்லை. "என் பொண்ணு அந்த ஊர்லதான் இருக்குதுக்கா. நாலு வயசு. இப்பவும் தெரியாதுன்னு சொல்றியே, உனக்கு மனசு இல்லியா?" என்று கத்தினேன். பக்கத்து சீட்டுக்காரிகள் திரும்பிப் பார்த்தார்கள்.

"உன் மனசு ஆறட்டும்னு ஒரு வார்த்தை சொல்லிடலாம்மா" என்றார் அக்கா. "அதை நம்பி நீ அங்க ஒண்ணு சொல்லுவ. அவங்க அதை நம்பி நடப்பாங்க. வேணாம். போஸ்ட்மாஸ்டருக்குக் கண்ணுல இன்னா தெரியுதுன்னு கேளு."

கேட்டேன். தரைப்பாலத்தின்மேல் முட்டிக்கு மேலே தண்ணீர் போகிறது, ஓரக்கல் தெரியவில்லை, கைகோத்துக்கொண்டு தாண்டிவிடலாம் என்கிறார்கள், குழந்தைகளைத் தோளில் ஏற்றியாயிற்று என்றார். அதை அப்படியே அக்காவிடம் சொன்னேன்.

"பாலத்து மேல தண்ணி போறதை அவரு பாக்குறாரு. ஏரி உடைஞ்சதை யாரும் பாக்கலை. இந்த ரெண்டுல எதுக்குப் பயப்படணும், நீயே சொல்லு."

போஸ்ட்மாஸ்டரின் லைனுக்குத் திரும்பினேன். "உடைஞ்சதா இல்லியா, ஒரே வார்த்தை சொல்லுங்கம்மா" என்றார். இத்தனை வருடத்தில் யாரிடமும் நான் சொல்லாத வார்த்தையைச் சொன்னேன். "தெரியாதுங்க. பாத்தவங்க ஒருத்தர்கூட இல்லைங்க. பாலத்துல இறங்காதீங்க. பின்னால மேட்டுக்கு, பள்ளிக்கூடத்துக்குப் போங்க..." சொல்லிக்கொண்டிருக்கும்போதே காதில் ஒரு சொடக்கு. லைன் செத்துவிட்டது.

எதுவரை அவர் கேட்டார்? தெரியாதுங்க என்பதோடு நின்றுபோனதா, மேட்டுக்கு என்பது போய்ச் சேர்ந்ததா? கேட்டிருந்தாலும், மேட்டில் ஏற்றி உட்கார வைத்த பிறகு ஏரி நிஜமாகவே உடைந்தால்? முகம் தெரியாத ஒருத்தியின் பேச்சைக் கேட்டு என் பிள்ளையைத் தண்ணீர் வரும் வழியில் நிறுத்திவிட்டேனா? டியூட்டி முடிகிறவரை அந்தத் துளையில் ஒயரைச் செருகிச் செருகி எடுத்தேன். திண்டிவனம் மட்டும் அவ்வப்போது வந்து, "எதாவது தெரிஞ்சுதா?" என்று கேட்டது. இந்தமுறை தெரியாது என்றது நான். அன்றிரவைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை.

விடிந்ததும் ஒரு காய்கறி லாரியில் ஏறிப் போனேன். மெயின் ரோட்டில் இறங்கி ஓடைப் பக்கம் நடந்தால் தரைப்பாலத்தின் நடுவில் ஒரு பெரிய துண்டு இல்லை. அந்த இடத்தில் தண்ணீர் சேற்று நிறத்தில் சுழித்துக்கொண்டு போனது. அதைத் தாண்டி எதிர்ப்பக்கம் கண்ணால் தேடினேன். அக்கரையில் ஆள் நடமாட்டம் இருந்தது. யாரோ என்னை அடையாளம் கண்டு கூப்பிட, கொஞ்ச நேரத்தில் நாத்தனார் அந்தக் கரைக்கு ஓட்டமாக வந்தாள். அவள் இடுப்பில் என் மகள். கையில் அவித்த மல்லாட்டை, எங்கள் பக்கத்து வேர்க்கடலை. என்னைப் பார்த்துவிட்டு, ஒன்றை உரித்து வாயில் போட்டுக்கொண்டாள்.

ஏரி உடையவில்லை. உடைந்திருந்தால் அந்த மேடு தாங்கியிருக்குமா என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. ரோடு சரியான பிறகு போஸ்ட்மாஸ்டர் ஒருநாள் சொன்னார்: "எல்லாரும் உடைஞ்சிச்சின்னு அடிச்சு சொல்லிக்கினு இருந்தாங்க. நீங்க ஒருத்தர்தான் தெரியாதுன்னீங்க. அதுலதான் நான் நின்னுட்டேன். மேடுன்னு ஏதோ கேட்டிச்சு, அப்புறம் ஒண்ணும் கேக்கலை. ஜனங்களை மேட்டுக்கே திருப்பிட்டேன்."

இதை அக்காவிடம் சொன்னபோது, "அப்படியா" என்றார். அடுத்த கால் வந்துவிட்டது. சில வருடங்களில் ஆபரேட்டர் இல்லாமலே ஜனங்கள் நேராக நம்பரைச் சுழற்ற ஆரம்பித்தார்கள். போர்டுகள் போயின. அக்கா எங்கோ மாற்றலாகிப் போனதாகச் சொன்னார்கள். யார் பார்த்தார்கள் என்று நான் கேட்கவில்லை. அவர் முகம் எனக்கு இன்றுவரை தெரியாது. திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் வண்டி நிற்கும்போதெல்லாம், தொண்டை கட்டிய குரலில் யாராவது பேசினால் திரும்பிப் பார்க்கிறேன்.

என் மகளுக்கு அந்த நாளில் மல்லாட்டை மட்டும்தான் ஞாபகம். போன ஞாயிற்றுக்கிழமை காது வலிக்கிறது என்று ஹெட்செட்டைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, குரல்களை வெளியே கேட்கும்படி விட்டிருந்தாள். திரையில் இரண்டாகப் பிரியும் ஒரு குகை. எந்தப் பக்கம் என்று கேட்டாள். இடது பக்கம் என்றது ஒரு குரல். இடதுதான், கண்ணை மூடிக்கொண்டு போ என்றது இன்னொன்று. ஆமாம், எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க என்றது மூன்றாவது. அப்போது ஒரு பெண் குரல், மெதுவாக, "எனக்குத் தெரியலைங்க. நான் அந்தப் பக்கம் போய்ப் பாத்ததில்லை" என்றது.

மகள் மைக்கை அணைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். "இவங்களுக்கு எப்பவுமே ஒண்ணும் தெரியாதும்மா."

மேசைமேல் கிடந்த ஹெட்செட்டை நான் எடுத்து, குரல்களை அதில் விடச் சொல்லி, என் காதில் மாட்டிக்கொண்டு, அந்தக் குரல் இன்னொரு தடவை பேசுமா என்று காத்திருந்தேன்.