ஆலைச் சங்கு

புதுவயல் அரிசி ஆலையில் நெல் அவிப்பது என் வேலை. சங்கு ஊதினால் தூக்குவாளியோடு கிளம்பிவிடுவோம். ஏன் என்று யோசித்ததே இல்லை.

அன்று விடாத மழை, ஆலைக்கு லீவு. மத்தியானம் திடீரென்று சங்கு ஊதியது. "மழையிலகூட விட மாட்டேங்கிறாக" என்று பக்கத்து வீட்டுச் செல்வி அக்கா முனகினார். தெருவே தூக்குவாளியோடு ஆலைப் பக்கம் நடந்தது. கணுக்கால் வரை தண்ணீர். சங்கு நிற்கவே இல்லை.

எதிரே தலையாரி ஓடிவந்தார். "எங்குட்டுப் போறீக? கண்மாய்க் கரை உடையப் போகுது. பள்ளிக்கூடத்துக்குப் போகத்தான் சங்கு ஊதச் சொன்னோம். காலையில ஆட்டோவுல மைக் கட்டிச் சொன்னோமே, கேக்கலையா?"

மழைச் சத்தத்தில் யாருக்குமே கேட்கவில்லை. கண்மாய்க்கு நேர் கீழேதான் ஆலை.

திரும்பி ஓடினோம். பள்ளிக்கூட மாடியில் ஏறிப் பார்த்தபோது, நாங்கள் நெல் காயப்போடும் களத்தில் செந்தண்ணீர் சுழன்றுகொண்டிருந்தது. கரண்ட் போன பிறகுதான் சங்கு அடங்கியது.

இந்த மழைக்காலத்துக்கும் எச்சரிக்கை அதே சங்குதானாம். நேற்று ஒத்திகை என்று முன்கூட்டியே வீடு வீடாக வந்து சொல்லிவிட்டுத்தான் ஊதினார்கள். தெரிந்திருந்தும், என் கை முதலில் தூக்குவாளியைத்தான் எடுத்தது.